அட்டையில் பேர் இல்லாத குரல்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலையிலேயே காதுக்கு வேலை வந்துவிடும். பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பள்ளிவாசலில் பாங்கு. தேனியிலிருந்து குமுளி நோக்கி வரிசையாகப் போகும் வேன்களில் ஐயப்பன் பாட்டு. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்களில், வாசலில் ஸ்டார் கட்டிய வீடுகளிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டு. இத்தனைக்கும் நடுவில், ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் உறுமிக்கொண்டு ஏறும்.

அப்படி ஏறிய ஜீப் ஒன்றில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஜனவரி ஆறு வரை ஒரே ஒரு கேசட்தான் ஓடும். தொண்ணூறு நிமிட கேசட். மேலே நீல மையில் ‘கிறிஸ்மஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ஓட்டுநர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஜீப்பில் வரும் பெண்கள் எல்லாச் சாதியும் எல்லாச் சாமியும் கும்பிடுகிறவர்கள். ‘அண்ணே, அந்த மாதா பாட்டை இன்னொருக்கா வைங்க’ என்று கேட்பவர் நெற்றியில் திருநீறு இருக்கும். மலை ஏறி முடிப்பதற்குள் ஒரு பக்கம் ஓடி முடிந்துவிடும். இறங்கும்போது மறுபக்கம்.

இது கடையில் விற்ற கேசட் இல்லை. வீட்டில் லிஸ்ட் எழுதி, வெற்று கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சின்ன ஊர்களில்கூட அப்படி ஒரு கடை இருந்தது. கல்யாண வீட்டுக்கு ஒரு லிஸ்ட், காதல் தோல்விக்கு ஒரு லிஸ்ட், திருவிழாவுக்கு ஒரு லிஸ்ட். இசைத்தட்டு, வேறு கேசட் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் எடுத்துப் பதிந்து தருவார்கள். காப்புரிமை என்கிற சொல் அந்தக் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே வைக்கும் அட்டையில் பாட்டின் முதல் வார்த்தை இருக்கும், இடம் இருந்தால் படத்தின் பேர் இருக்கும். பாடியவர் பேருக்கு இடம் இருக்காது.

ஓட்டுநர் காலமான பிறகு வந்த கிறிஸ்துமஸுக்கு, கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி ஊருக்கு வந்தாள். அப்பத்தாவின் போனில் அந்தக் கேசட்டை அப்படியே ஏற்றித் தர வேண்டும் என்பது அவள் எண்ணம். பெட்டியைத் திறந்தால் அட்டையை ஈரம் தின்றிருந்தது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. பழைய டூ-இன்-ஒன்னில் போட்டு ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு, நெட்டில் தேடி எடுக்க ஆரம்பித்தாள்.

“அப்பத்தா, இது யாரு பாடுனது?”

“எனக்கென்ன தெரியும் தாயி? ஒங்க தாத்தாவத்தான் கேக்கணும்.”

தாத்தாவைக் கேட்க முடியாது. அதனால் அவளே தேடினாள். தேடத் தேட, அந்தக் கேசட் அவள் நினைத்ததைவிடப் பெரிய ஊராக இருந்தது.

நாராயணீயக் குரலும் மேரி மாதாவும்

ஏ சைடின் முதல் பாட்டு 1955-ல் வந்த ‘மிஸ்ஸியம்மா’ படத்தில் வரும் மாதா பாட்டு. திரையில் சாவித்திரி. பாடியவர் பி.லீலா. பாலக்காடு சித்தூரில் பிறந்தவர். கர்நாடக இசை முறையாகக் கற்றவர். கேரளத்தில் லீலா என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அவர் பாடிய நாராயணீயம். குருவாயூரப்பனைப் பாடிய அதே தொண்டைதான் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைக்கு மேரி மாதாவைப் பாடிக் கொடுத்திருக்கிறது.

அடுத்து ‘ஞான ஒளி’. 1972-ல் வந்த படம். ஆன்டனியாகச் சிவாஜி தேவனைக் கூப்பிட்டுக் கதறும் பாட்டு. அது கிறிஸ்துமஸ் பாட்டே கிடையாது. வீட்டு கேசட் அதையெல்லாம் பார்க்காது. பிடித்தது இருக்கும், அவ்வளவுதான். பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டு முருகன் கோயில்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவர். எழுதியவர் கண்ணதாசன். ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதிய அதே கை, கடைசிக் காலத்தில் ‘இயேசு காவியம்’ எழுதியது. இசை எம்.எஸ்.விஸ்வநாதன். மூன்று பேரில் ஒருவரும் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு அழாத கிறிஸ்தவ வீடு குறைவு.

மேலே போகிற வேனிலும் கீழே வருகிற ஜீப்பிலும் ஒரே ஆள்

மூன்றாவது பாட்டுக்கு நெட்டே தேவைப்படவில்லை. குரலைக் கேட்டதும் அப்பத்தாவே, “இது நம்ம ஏசுதாசு” என்றார்.

யேசுதாஸ் 1940-ல் கொச்சிக் கோட்டைப் பகுதியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அகஸ்டின் ஜோசப் நாடக நடிகர், பாடகர். மகன் 1961-ல் சினிமாவுக்காக முதன்முதலில் பதிவு செய்து பாடியது ஸ்ரீ நாராயண குருவின் வரிகளை. சாதி, மத வேற்றுமை இல்லாமல் எல்லோரும் சகோதரர்களாக வாழும் இடத்தைப் பற்றிய வரிகள் அவை.

சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிப்பது அவர் பாடிய ஹரிவராசனம். 1975-ல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக அதற்கு மெட்டுப் போட்டவர் ஜி.தேவராஜன். கேரளத்தின் கம்யூனிஸ்ட் நாடகக் குழுவான கே.பி.ஏ.சி. மேடையிலிருந்து வந்தவர். இதே தேவராஜன்தான் 1971-ல் தமிழில் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’ படத்துக்கும் இசை.

இதை மற்ற ஊர்க்காரர்கள் ஒரு தகவலாகப் படித்துவிட்டுப் போகலாம். கம்பத்தில் அது அன்றாடம் கண்ணில் படும். சீசன் நேரத்தில் சபரிமலை வண்டிகளைப் போலீஸார் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஏறுகிற வேனில் ஐயப்பனுக்கு யேசுதாஸ். இறங்குகிற ஜீப்பில் மாதாவுக்கு யேசுதாஸ். கொண்டை ஊசி வளைவில் இரண்டு வண்டியும் ஒதுங்கி வழிவிடும்போது, ஒரு நிமிஷம் ஒரே ஆள் இரண்டு பக்கமும் பாடிக்கொண்டிருப்பார்.

ஆடியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர்

கேசட்டில் இங்கிலீஷ் பாட்டும் உண்டு. ‘போனி எம்’ குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு. ‘மேரீஸ் பாய் சைல்ட்’ என்று ஆரம்பிப்பது. இங்கிலீஷ் தெரியாத ஜீப் பெண்களுக்கும் அதன் தாளம் மனப்பாடம்.

1978 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு இது. மேடையில் மூன்று பெண்கள், ஒரு ஆண். அந்த ஆண் பாபி ஃபாரல், அருபா தீவுக்காரர், துள்ளி ஆடுவார். ஆனால் ரெக்கார்டில் கேட்கும் ஆண் குரல் அவருடையது இல்லை. குழுவை உருவாக்கிய ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் ஸ்டுடியோவில் பாடிய குரல் அது. பெண்களிலும் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவர்தான் ரெக்கார்டில் பாடினார்கள். மைஸி வில்லியம்ஸ் மேடையில் மட்டும்.

மேல்நாட்டுக்காரர்களுக்கு இது தெரியவந்தபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. நமக்கு அதில் அதிர்ச்சி இல்லை. ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சிவாஜியும் டி.எம்.எஸ்ஸும் வேறு வேறு என்று தெரிந்தும் அழுதவர்கள். நம் ஊரில் டைட்டிலில் ‘பின்னணி’ என்று பேர் போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பாட்டுக்கும் ஒரு முந்தைய பிறவி உண்டு. 1950-களில் ஹாரி பெலஃபான்டே பாடிய அதை எழுதியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற கறுப்பினப் பாடற்குழுத் தலைவர். அவருடைய தாத்தா, பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். எங்கேயோ ஒரு அடிமைக் குடும்பத்தின் பேரன் எழுதிய பாட்டு, ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களோடு மலை ஏறியிருக்கிறது.

பேருக்காக எழுதிய கடிதம்

பி சைடைத் திருப்பியதும் ‘சைலன்ட் நைட்’ மெட்டு. அது தமிழிலும் எத்தனையோ கோயில்களில் பாடப்படுவதுதான்.

ஆஸ்திரியாவில் ஓபன்டார்ஃப் என்ற சின்ன ஊர். அங்கே உதவிப் பங்குச் சாமியாராக இருந்தவர் ஜோசப் மோர். 1816-ல் அவர் எழுதி வைத்திருந்த கவிதைக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளி வாத்தியார் ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்தார். 1818 டிசம்பர் 24 இரவு, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு இருவரும் கோயிலில் பாடினார்கள். அதோடு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பாட்டு போகவில்லை. கையுறை தைத்து விற்கும் ஒரு குடும்பம் சந்தைக்குப் போன இடத்திலெல்லாம் அதைப் பாடியது. வேறு பாட்டுக் குடும்பங்களும் ஊர் ஊராகக் கொண்டுபோயின. கேட்டவர்கள், இவ்வளவு நல்ல மெட்டு ஹைடனுடையதாக இருக்கும், மொஸார்ட்டுடையதாக இருக்கும், பீத்தோவனுடையதாக இருக்கும் என்று பெரிய பேர்களை ஒட்டிவிட்டார்கள். மோர் 1848-ல் இறந்துபோனார். 1854-ல் பெர்லின் அரச இசைக்குழுவிலிருந்து விசாரணை வந்தபோது, குரூபர் உட்கார்ந்து, இது எப்படிப் பிறந்தது என்று எழுதிக் கொடுத்தார். அப்போதும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. மோரின் கையெழுத்திலேயே ஒரு பிரதி 1995-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் இருவர் பேரும் இருந்தன.

உலகமே பாடும் பாட்டுக்குப் பேர் திரும்பக் கிடைக்க ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதுவும் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தில் எழுதி வைத்ததால்.

வடுகபட்டியிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு

கேசட்டில் ஒரு பாட்டு மட்டும் முந்தைய பாட்டின் வாலை அறுத்துக்கொண்டு ஆரம்பிக்கும். பழைய பாட்டின் மேல் புதிதாகப் பதிந்ததற்கு அடையாளம். அழியாமலிருக்க உடைத்துவிட்ட கேசட்டின் காதில் செல்லோ டேப் ஒட்டி, மறுபடியும் பதிந்திருக்கிறார் தாத்தா. அவரை அப்படிச் செய்ய வைத்தது 1997-ல் வந்த ‘மின்சார கனவு’.

ராஜீவ் மேனன் இயக்கிய ஏவி.எம். படம். கன்னியாஸ்திரி ஆக ஆசைப்படும் பெண்ணாகக் கஜோல். கோயிலில் பாடும் ‘அன்பென்ற மழையிலே’ பாட்டு இன்றைக்கும் டிசம்பர் வந்தால் பள்ளிக்கூட மேடைகளில் தவறாமல் ஒலிக்கிறது. அந்தப் படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான், எஸ்.பி.பாலசுப்ரமணியம், சித்ரா, பிரபுதேவா என்று நாலு பேருக்குத் தேசிய விருது கிடைத்தது. எஸ்.பி.பி., சித்ரா இருவருக்கும் அதே படத்தின் வேறு பாட்டுகளுக்கு.

இந்தப் பாட்டைப் பாடியவர் அனுராதா ஸ்ரீராம். கர்நாடக இசை கற்றவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வுப் படிப்பு படித்தவர். இதைப் பாடி மூன்று வருஷத்தில் ‘வெற்றிக் கொடி கட்டு’ படத்தில் கறுப்பு நிறத்தைக் கொண்டாடும் துள்ளல் பாட்டைப் பாடியதும் அவரே. பேத்தி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியபோது அப்பத்தா நம்பவில்லை. “போ தாயி, அது சாமி பாட்டுப் பாடுற பிள்ள, இது வேற” என்றார்.

எழுதியவர் யார் என்று பார்த்தபோதுதான் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வைரமுத்து. பெரியகுளம் பக்கம் வடுகபட்டி. இதே தேனி மாவட்டம். மெட்டு அமைத்தவர் இஸ்லாமியர், பாடியவர் கர்நாடக சங்கீதம் படித்தவர், எழுதியவர் இந்த மண்ணின் விவசாயி மகன். ஜீப்பில் மாலை நேரம் கீழே இறங்கும்போது, பக்கத்து ஊர்க்காரர் எழுதிய பாட்டு என்று தெரியாமலே அத்தனை பேரும் கூடப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும்

இந்த மாவட்டத்துக்குப் பாட்டு புதிதில்லை. கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். இளையராஜா 1943-ல் பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடியவர். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் கூடவே போனார்கள். ராசய்யாதான் இளையராஜா, அமர்சிங்தான் கங்கை அமரன். வரதராஜன் 1973-ல் காலமானார். தம்பியின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976-ல். மூன்று வருஷ இடைவெளியில் அண்ணன் அந்தப் புகழைப் பார்க்காமல் போனார். பாவலர் என்ற பேர் இன்றும் நிற்கிறதென்றால், தம்பிகள் மேடைதோறும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம்.

இளையராஜா பிறகு 2005-ல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தபோது, அதை முன்நின்று கொண்டுவந்தவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். பாட்டு எந்த வாசல் வழியாக உள்ளே வந்து எந்த வாசல் வழியாக வெளியே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நெட்டில் கிடைக்காத பாட்டு

கேசட்டின் கடைசிப் பாட்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ‘கர்ர்’ என்ற இரைச்சல். நாய் குரைக்கிறது. யாரோ இருமுகிறார்கள். பிறகு ஆர்மோனியம், டோலக், ஜால்ரா. ஆறேழு குரல்கள். ஊர்க் கேரல் ரவுண்ட்ஸ் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி, முறுக்கும் கடுங்காப்பியும் வாங்கிக்கொண்டு வந்த கூட்டம். ஏதோ ஒரு வருஷம் தாத்தா டூ-இன்-ஒன்னைத் திண்ணையில் வைத்துப் பதிந்திருக்கிறார்.

லீலாவுக்கும் யேசுதாசுக்கும் பேர் கிடைத்துவிடும். நெட்டில் இல்லாவிட்டால் ஒரு புத்தகத்தில் இருக்கும். இந்த ஆறேழு பேருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் பேர் இருக்கிற ஒரே இடம், பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த எழுபத்தெட்டு வயது மனுஷியின் ஞாபகம். அதுவும் இப்போதெல்லாம் அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறது.

பேத்தி அதைப் புரிந்துகொண்ட நேரத்தில் தேடுவதை நிறுத்திவிட்டாள். போனை ரெக்கார்டிங்கில் போட்டு, பாட்டை நாலைந்து தரம் திருப்பித் திருப்பி ஓடவிட்டாள்.

அப்பத்தா கண்ணை மூடிக் கேட்டார். ஆர்மோனியம், உபதேசியார். ஜால்ரா, கோயில் பிள்ளை. டோலக் வாசித்தது கீழத்தெருக்காரர், கிறிஸ்தவர் இல்லை, காளியம்மன் கோயில் முளைப்பாரிக்கு வாசிக்கிற அதே கை. “பத்து ரூபாய்க்கு வர மாட்டேன்னு சொல்லுவாரு, காசே வாங்காமப் போயிருவாரு.” உச்சத்தில் கேட்கும் ஆண் குரல், சவுதி போய்த் திரும்பாதவர். பின்னால் இழுத்துப் பாடுவது தையல் டீச்சர். இருமியது யார் என்றுகூட அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் பேர் சொன்னார், அவர்கள் அப்பா பேரோடும் தெருவோடும். அந்தக் கூட்டத்தில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் குரலும் அதில் இருக்கிறது, இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டு.

போனில் பாட்டுக்குப் பேர் போடும் இடத்தில் ‘பாடியவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் நாம் அதை நிரப்புவதே இல்லை. பேத்தி ஒவ்வொரு பேராகத் தட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் அப்பத்தாவின் பேர். எல்லாவற்றையும் ஒரு தரம் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

அப்பத்தா தலையாட்டிக் கேட்டுவிட்டு, பூண்டுத் தொலியை முறத்திலிருந்து தட்டிவிட்டார்.

“ஒங்க தாத்தா பேரையும் போடு தாயி. அவரு பாடல. ஆனா பட்டன அமுக்குனது அவருதானே.”